எலும்பிலிருந்து அசைவு வரை: விலங்குடலிடம் அனிமேஷனும் ரோபோவியலும் கற்பது

நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் பின்னங்காலைப் பார்க்கும் பலரும், அவற்றின் முழங்கால் நம்முடையதற்கு எதிர்த்திசையில், பின்னோக்கி மடிவதாகவே எண்ணுகிறார்கள். பின்புறமாகத் துருத்தி நிற்கும் அந்த மூட்டு முழங்கால் அன்று; அது கணுக்கால். அதன் முனையில் புடைத்துத் தெரிவது நம் குதிகால் எலும்புக்கு நிகரானது. உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்கும் தசைக்கும் இடையே பாதி மறைந்திருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் நிற்கிறது. நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன. குதிரையோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். கரடியோ பின்னங்காலில் நம்மைப் போல உள்ளங்கால் முழுவதையும் பதித்து நடக்கும். குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று நாம் சொல்லிப் பழகியது, எலும்புக் கணக்கில் மணிக்கட்டு.

இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே, விலங்குடலைக் கணினியில் அசைக்க முனைபவருக்கும், உலோகத்தில் நடக்கவைக்க முனைபவருக்கும் பாதி வழி திறந்துவிடுகிறது. இரண்டு துறைகளும் ஒரே உடலைத்தான் பார்க்கின்றன. ஆனால் அவற்றைச் சோதிப்பது வேறு வேறு. அனிமேஷனில் இறுதித் தீர்ப்பு பார்வையாளரின் கண்ணிடம் இருக்கிறது; ரோபோவியலில் அது தரையிடம் இருக்கிறது. கண்ணை ஓரளவு ஏமாற்றலாம், தரையை ஏமாற்ற முடியாது. ஆயினும், விலங்கின் வடிவத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு, அந்த வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்பதைக் கேட்காமல் விட்டால், இரண்டிலும் தோல்வியே மிஞ்சுகிறது.

ஓட்டுக்குள் ஓர் எலும்புக்கூடு

கணினியில் ஒரு விலங்கை உருவாக்கும்போது, முதலில் அதன் வெளித்தோற்றம் முப்பரிமாண மாடலாக வடிக்கப்படுகிறது. அது உள்ளே ஒன்றுமில்லாத ஓடு மட்டுமே. அந்த ஓட்டுக்குள் மூட்டுகளும் அவற்றை இணைக்கும் எலும்புகளும் கொண்ட ஒரு சட்டகத்தைப் பொருத்துவதை ரிக்கிங் என்கிறார்கள். எந்த மூட்டு எந்த அச்சில் திரும்பும், எத்தனை பாகைக்கு மேல் திரும்பக் கூடாது என்பதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். அதன்பின், தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பை எவ்வளவு பின்தொடர வேண்டும் என்று எண்களால் குறிக்கப்படுகிறது. முழங்கைக்கு அருகிலுள்ள ஒரு புள்ளி மேலெலும்பை 60 விழுக்காடும் கீழெலும்பை 40 விழுக்காடும் பின்தொடருமாறு அமைக்கலாம். இந்த எண்கள் பிசகினால், கால் மடியும்போது தோல் கசங்கிய குழாய்போல ஒடுங்கிவிடும்.

ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே திருப்பி நடையை உருவாக்குவது பெரும் வேலை. ஆகவே அனிமேட்டர் பாதத்தைத் தரையில் ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறார்; பாதம் அங்கே இருக்க வேண்டுமெனில் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் எவ்வளவு மடிய வேண்டும் என்பதைக் கணினி பின்னிருந்து கணக்கிட்டுத் தருகிறது. இதற்குத் தலைகீழ் இயக்கவியல் என்று பெயர். ரோபோவின் காலை இயக்கும் மென்பொருளும் இதே கணக்கைத்தான் போடுகிறது. விடை திரையில் உள்ள எலும்புக்குப் போகாமல் மோட்டாருக்குப் போகிறது என்பதே வேறுபாடு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மூட்டுகள் ஒரே தளத்தில் மடியும்போது, பாதத்தை அதே இடத்தில் வைப்பதற்கு ஒன்றல்ல, எண்ணற்ற விடைகள் இருக்கின்றன. குதிரையின் உடல் இந்தக் கேள்விக்கு அழகான பதில் ஒன்றை வைத்திருக்கிறது: அதன் பின்னங்காலில் முழங்காலையும் கணுக்காலையும் முன்னும் பின்னுமாக இரண்டு தசைநாண் பட்டைகள் பிணைத்திருப்பதால், ஒன்று மடிந்தால் மற்றதும் மடிந்தே ஆக வேண்டும், ஒன்று நீண்டால் மற்றதும் நீண்டே ஆக வேண்டும். இதை அறிந்த ரிக்கர், இரண்டு மூட்டுகளையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்துவிடுகிறார். வேலையும் குறைகிறது, அசைவும் குதிரையினுடையதாக ஆகிறது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகுதியாகத் தவறுவது தோளில். பூனை பதுங்கி நடக்கும்போது முதுகின் முன்பகுதியில் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுந்து தாழ்வதைக் காணலாம். அவை தோள்பட்டை எலும்புகளின் மேல்விளிம்புகள். மனிதரிடத்தில் காரை எலும்பு தோள்பட்டையை நெஞ்செலும்போடு இணைக்கிறது. பூனைக்கு அது எதனோடும் உறுதியாகப் பொருந்தாத ஒரு சிறு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. குதிரைக்கு அறவே இல்லை. ஆகவே இந்த விலங்குகளின் முன்னங்கால்களுக்கும் உடற்பகுதிக்கும் இடையே எலும்பு மூட்டு எதுவும் கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, தசைகளால் ஆன ஒரு தொட்டிலில் கிடப்பதுபோல நெஞ்சுக்கூடு தொங்குகிறது. கால் முன்னே நீளும்போது தோள்பட்டை விலாவின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. எட்டு வைக்கும் நீளத்தில் கணிசமான பங்கு இந்தச் சுழற்சியிலிருந்தே கிடைக்கிறது. அந்தக் கால் தரையில் ஊன்றி எடையைத் தாங்கும் கணத்தில் நெஞ்சுக்கூடு சற்றே கீழிறங்க, தோள்பட்டை மேலெழுந்ததாகத் தோன்றுகிறது. மனிதத் தோளைப் போல ஒரு நிலையான மூட்டை வைத்து ரிக் செய்தால், முன்னங்கால்கள் உடலில் அறைந்த முளைகளாகிவிடும். எத்தனை நுணுக்கமாக மயிரையும் மீசையையும் வரைந்தாலும் அந்தப் பூனையில் எடை இருக்காது.

கால்கள் எந்த வரிசையில் விழுகின்றன

வேகமாக ஓடும் குதிரையின் கால்களைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. நெடுங்காலம் ஓவியர்கள், முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீட்டி, குதிரை காற்றில் மிதப்பதாகவே வரைந்துவந்தார்கள். 1878 ஜூனில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், முன்னாள் ஆளுநர் லேலண்ட் ஸ்டான்போர்டின் ஆதரவோடு, எட்வர்டு மைபிரிட்ஜ் ஓடுபாதையின் ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மூடிகளை இயக்கும் இழைகளைப் பாதையின் குறுக்கே கட்டினார். குதிரை இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு ஓட, படங்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகின. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருந்தன.

இதில் சுவையான ஒரு திருப்பம் இருக்கிறது. குதிரைக்குப் பொருந்தாத அந்த நீட்டிய பாய்ச்சல், சிவிங்கிப்புலிக்கு முற்றிலும் பொருந்தும். அதன் முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிரக் கூடியது என்பதால், ஒவ்வொரு பாய்ச்சலிலும் அது இருமுறை காற்றில் இருக்கிறது: கால்கள் ஒடுங்கிய நிலையில் ஒருமுறை, கால்கள் முழுதும் நீண்ட நிலையில் ஒருமுறை. குதிரையின் முதுகு ஒப்பீட்டளவில் விறைப்பானது. எனவே குதிரைக்காகச் செய்த பாய்ச்சலை எடுத்துச் சிவிங்கிப்புலி மாடலில் ஒட்டினால் அது குதிரை ஓட்டமாகவே தெரியும். தோல் மாறியதால் ஓட்டம் மாறிவிடாது.

மெதுவான நடை எளிது என்று எண்ணத் தோன்றும். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். பெரும்பாலான நான்கு கால் விலங்குகள் நடக்கும்போது பாதங்கள் இந்த ஒழுங்கில்தான் விழுகின்றன; உடல் எப்போதும் நிலையாகத் தாங்கப்படுவதற்கு இதுவே தோதானது. வேகம் கூடினால் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து எழும் பெருநடை வரும். ஒட்டகம் போன்றவை ஒரே பக்கத்துக் கால்களை இணைத்து எடுத்து வைக்கும். அதற்கும் மேலே நாலுகால் பாய்ச்சல். மைபிரிட்ஜின் படங்கள் வெளியாகி நூறாண்டுக்கு மேல் ஆகியும், ஹங்கேரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் உள்ள நடக்கும் விலங்குருக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு தவறான கால் வரிசையோடு நிற்பது தெரியவந்தது. விலங்குடற்கூறு நூல்களின் படங்கள் அதைவிட மோசமாக இருந்தன. நூலைப் பார்த்து வரைவதைவிட, நொடிக்குப் பல ஃபிரேம்கள் பதிந்த வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்ப்பது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது விலங்கின் உடலில் ஒளியை எதிரொளிக்கும் குறிப்பான்களை ஒட்டி, பல கேமராக்களால் அவற்றின் இடத்தைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் முறை பரவலாகியிருக்கிறது. ஆனால் விலங்கின் தோல் எலும்பின் மேல் தளர்வாக வழுக்குவது. தோளில் ஒட்டிய குறிப்பான் தோலின் கதையைச் சொல்லுமே தவிர எலும்பின் கதையைச் சொல்லாது. அதனால்தான் சில ஆய்வுக்கூடங்களில் இரண்டு திசைகளிலிருந்து எக்ஸ்-ரே வீடியோ எடுத்து, அதனோடு எலும்பின் முப்பரிமாண மாடலைப் பொருத்தி, உள்ளே நடப்பதை நேரடியாகவே அளக்கிறார்கள்.

உருவம் பெருத்தால் நேரமும் நீளும்

எடை என்பது திரையில் தெரியாது. நேரத்தின் வழியாகவே உணரப்படுகிறது. நடக்கும் கால், தரையில் ஊன்றிய பாதத்தை அச்சாகக் கொண்ட தலைகீழ் ஊசல் போல இயங்குகிறது. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 செ.மீ. கால் கொண்ட ஒரு சிறு விலங்கு, நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் படத்தில், 12 ஃபிரேம்களில் ஒரு நடைச்சுற்றை முடிக்கிறது என்று கொள்வோம். அதே நடையை 3.2 மீட்டர் கால் கொண்ட ஒரு பேருருவுக்குக் கொடுக்க வேண்டுமெனில், கால் 16 மடங்கு நீண்டிருப்பதால் நேரம் 4 மடங்காகி, 48 ஃபிரேம்கள் தேவைப்படும். அந்தப் பேருரு 12 ஃபிரேம்களிலேயே நடைச்சுற்றை முடித்தால், எத்தனை பெரிய கட்டடத்தின் பக்கத்தில் நிறுத்தினாலும் அது பொம்மையாகவே தோன்றும்.

நடை எப்போது ஓட்டமாக மாறும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் கால் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிடைப்பது ஃப்ரூட் எண். பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாந்தர் இதை விலங்குகளின் நடைக்குப் பொருத்திக் காட்டினார். இந்த எண் ஏறத்தாழ 0.5-ஐத் தொடும்போது, அளவில் பெரிதும் வேறுபட்ட உயிரினங்களும் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகின்றன. 0.9 மீட்டர் கால் கொண்ட மனிதருக்கு இது நொடிக்குச் சுமார் 2.1 மீட்டர் வேகம். கற்பனை விலங்கு ஒன்றை உருவாக்குபவருக்கும், புதிய அளவில் ரோபோ ஒன்றைக் கட்டுபவருக்கும் இந்தச் சிறு கணக்கு ஒரே அளவில் பயன்படுகிறது. பேருருவங்களுக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது: உடல் இருமடங்கு உயர்ந்தால் எடை எட்டு மடங்காகும், தசையின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். 2002-இல் ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் கணினி மாடலில் இதைக் கணக்கிட்டு, டைரனோசாரஸ் மிக வேகமாக ஓடுவதற்குத் தேவையான தசை அதன் காலில் இருந்திருக்க முடியாது என்று காட்டினார்கள்.

தரை கேட்கும் கேள்வி

ஓடும் கால் ஊசலாக இருப்பதில்லை, சுருள்வில்லாகிவிடுகிறது. பாதம் தரையில் மோதும்போது தசைநாண்கள் நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. பாதம் எழும்போது அதில் 90 விழுக்காட்டுக்கும் மேலான பகுதியைத் திருப்பித் தருகின்றன. கங்காருவின் தாவலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 1980-களின் தொடக்கத்தில் மார்க் ரெய்பர்ட் உருவாக்கிய ரோபோவுக்கு ஒரே ஒரு கால்தான் இருந்தது. நின்றால் விழுந்துவிடும் என்பதால் அது எப்போதும் குதித்துக்கொண்டே இருந்தது. அதன் சமநிலையை அவர் மூன்று எளிய பணிகளாகப் பிரித்தார்: ஒவ்வொரு முறை எழும்பும்போதும் எவ்வளவு உந்துதல் தருவது என்பது உயரத்தைத் தீர்மானிக்கும், பாதத்தை உடலுக்கு எவ்வளவு முன்னே வைப்பது என்பது வேகத்தைத் தீர்மானிக்கும், பாதம் தரையில் இருக்கும் சிறு நேரத்தில் இடுப்பு மூட்டைத் திருப்பி உடல் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் நான்கு கால் ரோபோவைக் கட்டியபோதும் அவர் புதிய கோட்பாடு எதையும் தேடவில்லை. பெருநடையில் இணைந்து விழும் இரண்டு கால்களை ஒரே காலாகக் கருதினால், நான்கு கால் விலங்கு இருகால் விலங்காகச் சுருங்கிவிடுகிறது. இருகால் ஓட்டமோ, மாறி மாறி வரும் ஒருகால் குதிப்புதான். 1992-இல் அவர் நிறுவிய பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் நான்கு கால் ரோபோக்களை இன்று பலரும் அறிவார்கள். அவற்றுக்கு வேர் ஒரு நாயில் இல்லை, குதிக்கும் அந்த ஒற்றைக் காலில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

குதிரையின் காலில் தசைகள் எல்லாம் மேலே, உடலை ஒட்டித் திரண்டிருக்கின்றன. முன்னங்காலில் மணிக்கட்டுக்கும் பின்னங்காலில் கணுக்காலுக்கும் கீழே பெரும்பாலும் எலும்பும் நாணும்தான். கால் நுனி லேசாக இருந்தால்தான் அதை விரைவாக வீசி நிறுத்த முடியும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சீட்டா ரோபோவில் மோட்டார்களை இடுப்பருகே குவித்துக் காலை இலகுவாக்கியது இந்தத் தத்துவத்தைப் பின்பற்றியே. ஆனால் பல நான்கு கால் ரோபோக்களில் தோள்பட்டையோ வளையும் முதுகெலும்போ இல்லை. விறைப்பான ஒரு பெட்டியின் நான்கு மூலைகளில் கால்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கூடுதலாக வரும் ஒவ்வொரு மூட்டும் ஒரு மோட்டாரையும், அதன் எடையையும், பழுதாகும் வாய்ப்பையும் கொண்டுவரும். அனிமேட்டருக்கு எலும்பைச் சேர்ப்பதில் செலவில்லை, பொறியாளருக்கு உண்டு.

நகலெடுக்காமல் கற்றதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரீஹெக்ஸ் என்ற ரோபோ. கரப்பான்பூச்சி ஓடும்போது ஒரு பக்கத்து முன்கால், பின்கால், மறுபக்கத்து நடுக்கால் ஆகிய மூன்றும் முக்காலியாக ஒருசேர ஊன்றும். அடுத்த நொடிப்பகுதியில் மற்ற மூன்றும் ஊன்றும். பரந்து விரிந்த கால்களின் நெகிழ்வே, நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல், பெரும்பாலான தடுமாற்றங்களைச் சரிசெய்துவிடுகிறது. ரீஹெக்ஸின் ஆறு கால்களும் வளைந்த பட்டைகள். காலுக்கு ஒரு மோட்டார் மட்டுமே. பார்வைக்கு அது பூச்சியே அன்று. ஆனால் மேடுபள்ளத்தில் பூச்சியைப் போலவே ஓடுகிறது.

கால்களின் தாளம் எங்கே பிறக்கிறது என்பதும் ரோபோவியலுக்கு உதவியிருக்கிறது. மூளையின் தொடர்பு அறுந்த பின்னரும் தண்டுவடமே நடைக்கான தாளத்தை உண்டாக்க வல்லது என்பதை 1911-இல் கிரஹாம் பிரவுன் பூனைகளில் கண்டறிந்தார். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆக் ஐஸ்பேர்ட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட, பல்லி போன்ற உருவம் கொண்ட நீர்நில வாழ்வியான சாலமாண்டரைப் பின்பற்றிய ரோபோவில் இத்தகைய தாள வலையமைப்பு மென்பொருளாக எழுதப்பட்டிருந்தது. மேலிருந்து வரும் உந்துதலின் அளவைக் கூட்டினால் போதும், தரையில் நடந்த ரோபோ நீரில் நீந்தத் தொடங்கியது. ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனிக் கட்டளை தேவைப்படவில்லை.

இரு துறைகளுக்கும் இடையே

ரோபோவுக்காக எழுதிய இந்தச் சமநிலைக் கணக்குகள் விரைவிலேயே அனிமேஷனுக்கு வந்துவிட்டன. 1991-இல் ரெய்பர்ட்டும் ஜெசிகா ஹாட்ஜின்சும், குதிக்கும் ரோபோக்களின் கட்டுப்பாட்டு முறையைக் கொண்டு, கங்காரு போன்ற ஒரு கணினி உருவத்தை இயக்கிக் காட்டினார்கள். அனிமேட்டர் ஒவ்வொரு நிலையையும் வரையாமல், இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டு அது தானே குதித்தது. 1993-இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தின் பணியில், பொம்மைகளைக் கையால் அசைத்துப் பழகிய கலைஞர்களுக்காக, மூட்டுகள்தோறும் சென்சார் பொருத்திய டைனோசார் சட்டகம் ஒன்று உருவாக்கப்பட்டது. கையால் அதன் காலை மடித்தால் கணினியில் உள்ள டைனோசாரின் காலும் மடியும்.

எதிர்த்திசையிலும் பாதை திறந்தது. 2020-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரு நாயின் மோஷன் கேப்சர் பதிவை, அனிமேட்டர்கள் செய்வது போலவே தலைகீழ் இயக்கவியல் கொண்டு, லைகாகோ என்ற நான்கு கால் ரோபோவின் அளவுகளுக்கு மாற்றினார்கள். பிறகு கணினி உருவகத்தில், அந்த அசைவை நெருங்கும்போதெல்லாம் வெகுமதிப் புள்ளிகள் பெற்று, ரோபோ தானே கற்றுக்கொண்டது. நாயின் அசைவை அப்படியே மோட்டார்களில் ஓட்டினால் ரோபோ விழுந்துவிடும். அதன் எடை பரவியிருக்கும் விதம் வேறு, முதுகு வேறு. அசைவின் சாயலைக் காத்துக்கொண்டே தன் உடலுக்கு ஏற்றவாறு அதைத் திருத்திக்கொள்வதுதான் இங்கே நடக்கும் கற்றல்.

அழிந்துபோன விலங்கின் நடையைக் கண்டறிவதில் இரு துறைகளும் முழுமையாகவே ஒன்றுசேர்ந்தன. ஜெர்மனியின் துரிங்கியாவில் கிடைத்த ஒரோபேட்டிஸ் என்ற விலங்கின் புதைபடிவம் 28 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதன் எலும்புக்கூடு மட்டுமன்றி, அதனுடையவை என்று கொள்ளத்தக்க காலடித் தடங்களும் கிடைத்திருந்தன. யோன் நியாகாட்டூராவும் அவரோடு பணியாற்றியவர்களும் அந்த எலும்புகளைக் கணினியில் ரிக் செய்தார்கள். சாலமாண்டர், உடும்பினத்தை ஒத்த இகுவானா, அரணை, முதலையினத்தைச் சேர்ந்த கெய்மன் ஆகியவற்றின் நடையை எக்ஸ்-ரே வீடியோவில் அளந்தார்கள். எந்தெந்த நடைகளில் எலும்புகள் ஒன்றோடொன்று இடிக்காமலும் மூட்டு நழுவாமலும் இருக்கின்றன என்று திரையில் வடிகட்டினார்கள். எஞ்சிய நடைகளை ஓரோபாட் என்ற ரோபோவில் ஏற்றி, அது செலவிடும் ஆற்றலையும் சமநிலையையும் தடங்களோடு பொருந்துவதையும் சோதித்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, அந்த விலங்கு வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லவில்லை; அவ்வளவு தொல்பழங்காலத்தில் எதிர்பார்க்கப்பட்டதைவிட நிமிர்ந்து, உடலை அதிகம் நெளிக்காமல், சிக்கனமாக நடந்திருக்கிறது.